காற்றில் திரும்ப முடியாத வீரன்

சைமன் பெல்மான்ட் தாவினால் தாவியதுதான். தரையை விட்டுக் கால் எழும்பிய பிறகு அவனை முன்னே தள்ளவும் முடியாது, பின்னே இழுக்கவும் முடியாது. எந்தப் பக்கம் பட்டனை அழுத்தினாலும் கிளம்பிய வளைவிலேயே போய் இறங்குவான். இறங்கும் இடத்துக்கு அதற்குள் ஒரு வௌவால் வந்து சேர்ந்திருந்தால் அதன் மேலேயே போய் விழுவான். 1986 செப்டம்பரில் ஜப்பானின் கொனாமி நிறுவனம் வெளியிட்ட ‘அகுமாஜோ டிராகுலா’ என்ற வீடியோ கேமின் நாயகன் இவன். அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்குப் போனபோது அதற்கு ‘காசில்வேனியா’ என்று பெயர் வைத்தார்கள். இன்று உலகம் முழுக்க அந்தப் பெயரில்தான் அதைத் தெரியும். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து அதை முதன்முதலாகக் கையில் எடுக்கும் எவரும் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லும் குறை இந்தத் தாவல்தான்: “இவன் சொன்னபடி கேட்க மாட்டேன் என்கிறானே.” அந்தக் குறையை நீக்கிவிட்டால் இந்த ஆட்டத்தில் மிச்சம் ஒன்றும் இருக்காது என்பது என் கட்சி. இதில் வரும் பேய்களைவிட, நம் பேச்சைப் பாதி மட்டுமே கேட்கும் அந்த உடம்புதான் நம்மைப் பயமுறுத்துகிறது. அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் தெரிந்தே உண்டாக்கினார்கள்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். நின்டென்டோவின் ஃபேமிகாம் என்ற எட்டு பிட் கன்சோலில், நெகிழ்வட்டில் ஓடும் விதமாக இது முதலில் வந்தது. மற்ற நாடுகளில் என்.இ.எஸ். என்று விற்பனையான அதே கருவிக்குக் கார்ட்ரிட்ஜாகப் போனது. திரையில் தெரிவது பக்கவாட்டுக் காட்சி. சைமன் இடமும் வலமும் நடப்பான், குனிவான், தாவுவான், படியேறுவான், சாட்டையைச் சொடுக்குவான். டிராகுலாவின் கோட்டைக்குள் வாசல் வழியாக நுழைந்து உச்சியில் இருக்கும் பிரபுவை அழிக்க வேண்டும். மொத்தம் ஆறு பகுதிகள், பதினெட்டு கட்டங்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு பெரிய எதிரி காத்திருக்கும்: முதலில் ராட்சத வௌவால், பிறகு மெடூசா, பிறகு எகிப்திய மம்மிகள், பிறகு ஃப்ராங்கன்ஸ்டைனின் படைப்பும் கூடவே துள்ளித் திரியும் கூனன் இகோரும், பிறகு அரிவாளேந்திய மரணதேவன், கடைசியில் டிராகுலா. வழியெங்கும் மெழுகுவத்திகள் எரிகின்றன. அவற்றைச் சாட்டையால் அடித்தால் இதயங்கள் விழும். பெயர்தான் இதயமே தவிர அது உயிரைக் கூட்டாது; கத்தி, கோடரி, புனிதநீர் போன்ற துணை ஆயுதங்களை வீசுவதற்கான செலவுக்காசு அது. உயிரைக் கூட்ட வேண்டுமானால் சுவரை உடைத்து, உள்ளே ஒளித்துவைத்திருக்கும் வறுத்த இறைச்சியைத் தேடித் தின்ன வேண்டும்.

இதில் வரும் பூதங்களில் ஒன்றைக்கூட கொனாமிக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. தலைப்புத் திரையின் ஓரத்தில் சினிமா ஃபிலிமில் இருக்கும் துளைகள் வரிசையாக ஓடுகின்றன. பார்க்கப்போவது ஒரு பேய்ப்படம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் உண்மையில் உழைத்தவர்களின் பெயர் ஒன்றும் இல்லை. டிராகுலா நாவலை 1897இல் எழுதிய பிராம் ஸ்டோக்கர் அங்கே ‘விரான் ஸ்டோக்கர்’ ஆகிறார். இங்கிலாந்தின் ஹேமர் நிறுவனப் படங்களில் டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீ ‘கிறிஸ்டோபர் பீ’ ஆகிறார். அந்தப் படங்களுக்கு இசையமைத்த ஜேம்ஸ் பெர்னார்ட் ‘ஜேம்ஸ் பனானா’ ஆகிறார். இத்தனையும் கடன் வாங்கிய சரக்கு. வாங்கிய சரக்கைக் காட்டிய விதமும் இன்றைய கண்ணுக்கு எளியது: 256க்கு 240 புள்ளிகள் கொண்ட திரை, ஓர் உருவத் துண்டுக்கு மூன்று நிறங்களுக்கு மேல் இடம் கிடையாது. சைமனின் முகத்தில் கண் எது மூக்கு எது என்று பிரிக்க முடியாது. இந்தப் படங்களைப் பார்த்து ஒரு குழந்தைகூட இன்று பயப்படாது. ஆனாலும் விளையாடும்போது உள்ளங்கை வேர்க்கிறது. அப்படியானால் பயம் கண் வழியாக வரவில்லை.

கோதிக் என்று நாம் சொல்லும் கதைமரபைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்தால் அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும். 1764இல் ஹோரஸ் வால்போல் எழுதிய ‘ஒட்ராண்டோ கோட்டை’ நாவலில் தொடங்கி ஸ்டோக்கர் வரை, அந்தக் கதைகளில் பேயைவிடப் பெரிய கொடியவன் கட்டடம்தான். பாழடைந்த கோட்டைக்குள் ஒருவர் மாட்டிக்கொள்கிறார். கதவு எங்கே போகிறது என்று தெரியாது, படி எங்கே முடிகிறது என்று தெரியாது, ஓடலாம் என்றால் கால் வராது. ஸ்டோக்கரின் நாவலில் கோட்டைக்கு வரும் ஜானதன் ஹார்க்கரைச் சிறைப்பட்டவனாக உணரவைப்பது டிராகுலாவின் பல் அல்ல, பூட்டிய கதவுகள். இடம் பெரியது, உடம்பு சிறியது, அந்த உடம்பும் முழுக்கத் தன் வசத்தில் இல்லை. இந்த நிலைதான் கோதிக்கின் சாரம். நாவலாசிரியர் இதைப் பக்கம் பக்கமாக எழுதிக் காட்ட வேண்டும். வீடியோ கேமுக்கு அந்தச் சிரமம் இல்லை. விளையாடுபவரின் விரலுக்கும் திரையில் இருக்கும் உடம்புக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி வைத்துவிட்டால் போதும்.

அந்த இடைவெளியை ‘காசில்வேனியா’ எப்படியெல்லாம் வைத்திருக்கிறது என்று பார்ப்போம். பட்டனை அழுத்தியதும் சாட்டை நீளாது. சைமன் முதலில் கையைப் பின்னால் ஓங்குகிறான், பிறகுதான் சொடுக்குகிறான். நொடியில் ஒரு சிறு பங்குதான் அந்தத் தாமதம், ஆனால் வரும் எதிரியைப் பார்த்த பிறகு அடித்தால் அடி பிந்திவிடும். வரப்போகும் இடத்தைக் கணித்து அடிக்க வேண்டும். தரையில் நின்று ஓங்கினால் அந்த வீச்சு முடியும்வரை நடக்க முடியாது. தாவலைப் பற்றி முதலிலேயே சொன்னேன். அடிபட்டால் சைமன் பின்பக்கமாகத் தூக்கி எறியப்படுகிறான், பின்னால் பள்ளம் இருந்தால் அதோடு சரி. படியில் ஏறிவிட்டால் மேலே, கீழே என்ற இரண்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லை; அங்கிருந்து குதிக்கவும் முடியாது. இதற்கு ஓர் ஆண்டுக்கு முன், 1985இல், இதே கருவியில் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ நாயகன் காற்றில் பறந்துகொண்டே மனம் மாறலாம், பின்வாங்கலாம், ஓட்டத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். மாரியோ நம் விரலின் நீட்சி. சைமன் நாம் உத்தரவு கொடுத்து அனுப்பும் ஆள். உத்தரவு கொடுத்தபின் அதைத் திரும்பப் பெற வழியில்லை.

ஐந்தாம் பகுதியில், மரணதேவனின் அறைக்கு முன்னால் ஒரு நடைகூடம் வருகிறது. இந்த ஆட்டத்தை ஆடிய எவரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். கூடத்தில் கவசம் அணிந்த கோடரி வீரர்கள் நிற்கிறார்கள். பல அடி வாங்கினால்தான் சாய்வார்கள். அவர்கள் வீசும் கோடரி சில சமயம் தலை மட்டத்தில் வரும், சில சமயம் கால் மட்டத்தில் வரும். வந்து திரும்பியும் போகும். இந்த நேரத்தில் மெடூசாவின் வெட்டுண்ட தலைகள் காற்றில் அலைபோல் மேலும் கீழும் ஏறி இறங்கியபடி, ஓய்வே இல்லாமல் வந்துகொண்டே இருக்கும். தலையின் அலை எப்போதும் ஒரே அலைதான், கோடரியின் வழி எப்போதும் ஒரே வழிதான். தனித்தனியாக வந்தால் இரண்டும் எளிது. சேர்ந்து வரும்போதுதான் சைமனின் உடம்பு என்னவென்று தெரிகிறது. கோடரிக்குக் குனிந்தால் தலை இறங்கிவரும் தருணம் அதுவாக இருக்கும். தலையைத் தாண்டித் தாவினால் இறங்கும் இடத்தில் கோடரி வந்து நிற்கும். தலையை அடிக்க ஓங்கிய கையை நடுவில் நிறுத்த முடியாது. இந்த இடத்தில் ஒரு தாக்குதலுக்கு, மொத்தம் பதினாறு கோடுகள் உள்ள உயிர்ப்பட்டையில் நான்கு போய்விடும். நான்கு தவறு, ஆள் காலி. மாரியோவைப் போல் காற்றில் திரும்பும் ஒருவனை இந்தக் கூடத்தில் நிறுத்திப் பாருங்கள்: அரை நிமிட வேலை, வேர்க்கவே வேர்க்காது. ஓவியத்தில் ஒரு புள்ளிகூட மாறாமல் பயம் மட்டும் காணாமல் போயிருக்கும்.

இதற்கு முதல் மறுப்பு எதிர்பார்க்கக் கூடியதுதான். அந்தக் காலத்தில் நிரல் எழுதத் தெரிந்தது அவ்வளவுதான், இயலாமைக்குப் பிறகு தத்துவம் கற்பிக்கிறீர்கள் என்பார்கள். 1981இன் ‘டாங்கி காங்’கிலும் 1985இன் ‘கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ்’ கேமிலும் நாயகர்களின் தாவல் இப்படித்தான் மாற்ற முடியாததாக இருந்தது, ஆகவே இது அன்றைய வழக்கம் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். வழக்கம் என்பது உண்மை. அந்த வழக்கத்தைச் சுற்றி ஒரு வீட்டையே கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. முதல் சாட்சி படிகள். படியில் நிற்கும்போது அடிபட்டால் சைமன் பின்னால் எறியப்படுவதில்லை. உயிர் குறையும், ஆனால் நின்ற இடத்திலேயே நிற்பான். குதித்துத் தப்ப முடியாத இடத்தில் தள்ளியும் விட்டால் அது அநியாயம் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். இரண்டாவது சாட்சி துணை ஆயுதங்கள். சாட்டை நேராக முன்னால் மட்டுமே போகும். அதனால் எட்டாத இடங்களுக்கு ஆளுக்கொரு வழி: கோடரி வளைந்து மேலே ஏறும், புனிதநீர் கீழே விழுந்து தரையில் எரியும், கத்தி வெகுதூரம் நேராகப் பாயும், சிலுவை போய்த் திரும்பி வரும், ஸ்டாப்வாட்ச் ஐந்து இதயங்களை விழுங்கி எதிரிகளைச் சற்று நேரம் உறைய வைக்கும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம், இன்னொன்றை எடுத்தால் கையில் இருந்தது போய்விடும். ஒரு மெழுகுவத்தியிலிருந்து கத்தி விழுகிறது என்பதற்காக ஓடிப்போய் எடுத்துக் கையிலிருந்த சிலுவையை இழந்தவர்கள் எத்தனை பேர்! சைமனின் ஒவ்வொரு இயலாமைக்கும் பக்கத்தில் ஒரு மாற்று இருக்கிறது; அதற்கொரு விலையும் இருக்கிறது. தற்செயலாக நேர்ந்த குறையைச் சுற்றி இத்தனை நேர்த்தியான கணக்கு அமையாது.

மூன்றாவது சாட்சியைக் கொனாமியே பின்னாளில் தந்தது. 1991இல் சூப்பர் ஃபேமிகாம் கருவிக்கு வந்த ‘சூப்பர் காசில்வேனியா 4’இல் சைமனின் சாட்டை எட்டுத் திசையிலும் சுழல்கிறது. காற்றில் ஓரளவு திரும்பலாம், படியில் தாவி ஏறலாம். படமும் இசையும் பல மடங்கு செழிப்பானவை. அருமையான ஆட்டம், மறுப்பதற்கில்லை. ஆனால் சாட்டையே எல்லாப் பக்கமும் போகும்போது கோடரியைத் தேடி எடுக்க வேண்டிய தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. எதைக் கையில் வைத்திருக்கிறோம் என்ற கவலை போயிற்று, அதோடு அந்தக் கவலை தந்த படபடப்பும் போயிற்று. மறுபக்கம், 1987இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஏறக்குறைய அதே உடம்போடு சைமன் ஊர் ஊராக, காடு காடாகத் திறந்தவெளியில் அலைகிறான். விறைப்பு இருக்கிறது, ஆனால் அதை நெருக்கும் சுவர்கள் இல்லை. பயமும் அதற்கேற்ப நீர்த்துப்போகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் ஆட்டத்தின் இயக்குநர் ஹிடோஷி அகாமட்சுவும் குழுவினரும் உடம்பையும் கட்டடத்தையும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்தார்கள் என்பது விளங்கும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. கைதேர்ந்தவர் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடக்கூடிய சின்ன ஆட்டம் இது; காசு கொடுத்து வாங்கியவர் ஏமாந்ததாக நினைக்கக் கூடாது என்பதற்காகக் கஷ்டத்தைக் கூட்டி நீட்டியிருக்கிறார்கள் என்பது அந்த வாதம். இதில் உண்மை இருக்கிறது. மரணதேவனோடு போராடும்போது சிறு அரிவாள்கள் திரையில் எங்கெங்கோ முளைத்து நம்மை நோக்கிப் பாய்கின்றன. அவற்றைக் கணிப்பதற்கு இடமில்லை. ஃப்ராங்கன்ஸ்டைனின் படைப்பைச் சுற்றித் துள்ளும் இகோரும் அப்படியே, எவ்வளவு பயின்றாலும் அவன் அடுத்து எங்கே குதிப்பான் என்று சொல்ல முடியாது. கணித்துச் செயல்படச் சொல்லும் ஆட்டம் கணிக்க முடியாததைக் கொண்டுவந்து நிறுத்துவது தன் சட்டத்தைத் தானே மீறுவதுதான். அந்த இரண்டு இடங்களையும் நான் காப்பாற்றப் போவதில்லை. புனிதநீரைத் தொடர்ந்து வீசி மரணதேவனையும் ஃப்ராங்கன்ஸ்டைனின் படைப்பையும் நின்ற இடத்திலேயே உறைய வைக்கலாம் என்ற தந்திரம் ஆட்டக்காரர்களிடையே பரவியதற்கு அந்த மீறலே காரணம்.

ஆனால் மற்ற இடங்களில் ஆட்டம் நேர்மையாக நடந்துகொள்கிறது. எத்தனை முறை செத்தாலும் தொடரலாம், அதற்கு எல்லை இல்லை. எதிரிகள் வரும் இடம் பெரும்பாலும் மாறுவதில்லை. முதல் கூடத்தில் கரும்புலி எங்கே படுத்திருக்கிறது, எவ்வளவு நெருங்கினால் பாயும் என்பது இரண்டாம் முறை தெரிந்துவிடும். தெரிந்தபின் அது பாயும் முன்பே கை ஓங்கியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் தூக்கி எறியப்படுவதுதான் பயத்தின் அச்சாணி என்பதைப் பின்வந்தவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இந்தத் தொடரில் பல ஆண்டுகள் உழைத்த கோஜி இகராஷியின் ‘பிளட்ஸ்டெய்ன்ட்’ வரிசையில், இதே பழைய பாணியில் 2018இல் ‘கர்ஸ் ஆஃப் த மூன்’ என்ற ஆட்டம் வந்தது. தொடக்கத்திலேயே இரண்டு வகையில் எது வேண்டும் என்று அது கேட்கிறது. எளிய வகையில் உயிர்களுக்குக் கணக்கில்லை, அடிபட்டாலும் பின்னால் எறியப்படுவதில்லை. எதிரிகளும் பள்ளங்களும் இருந்த இடத்தில் இருக்க, நாயகனின் உடம்பு அடியைத் தாங்கும் விதம் மாறியதும் பள்ளங்கள் வெறும் பள்ளங்களாகிவிடுகின்றன. எளிய வகையை விரும்புபவர்களை நான் குறை சொல்லவில்லை. கொனாமியே 1993இல் முதல் ஆட்டத்தை ஃபேமிகாம் கார்ட்ரிட்ஜாக மறுபடி வெளியிட்டபோது அதில் எளிய வகை ஒன்றைச் சேர்த்தது. விரல் வலு இல்லாதவரும் கோட்டையைப் பார்க்கட்டும். ஆனால் அவர் பார்ப்பது கோட்டையை மட்டும்தான். அதற்குள் மாட்டிக்கொண்டவர் ஆக மாட்டார்.

பயம்தான் நோக்கம் என்றால் அந்த இசை ஏன் அப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இசையமைத்தவர்கள் கினுயோ யமாஷிட்டாவும் சடோயே டெராஷிமாவும். யமாஷிட்டாவுக்கு இதுவே முதல் படைப்பு. கருவியின் ஒலிச்சில்லில் இரண்டு சதுர அலைகள், ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல் தடம், பதிவுசெய்த துணுக்குகளுக்கு ஒரு தடம், அவ்வளவுதான் வசதி. அதை வைத்துக்கொண்டு அவர்கள் ஒப்பாரி வைக்கவில்லை. முதல் பகுதியின் ‘வேம்பயர் கில்லர்’ மெட்டு ராக் இசைபோல் துள்ளி ஓடுகிறது, கேட்டவர் கால் தானாகத் தாளம் போடும். மேலோட்டமாகப் பார்த்தால் இது பேய்க்கோட்டைக்குப் பொருந்தாத உற்சாகம். விளையாடும்போது அதன் வேலை வேறு. இசை ஓடு ஓடு என்கிறது, சைமனால் ஓட முடியாது. அவனுக்கு நடை மட்டும்தான், அதுவும் ஒரே வேகத்தில். தாளத்துக்கு மயங்கிக் காலை எட்டிப் போட்டவர்கள் அடுத்த எதிரியின் மேல் மோதுகிறார்கள். காதுக்கு ஒரு வேகம், காலுக்கு இன்னொரு வேகம் என்று நடுவில் இழுபடும் அந்த நிலை, மெதுவான சோக இசையால் கிடைத்திருக்காது.

கட்டடத்துக்கு வருவோம். அன்றைய கேம்களில் ஒரு கட்டம் பனியில் நடக்கும், அடுத்தது பாலைவனத்தில் நடக்கும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. இங்கே ஒரு பகுதி முடிந்ததும் கோட்டையின் பக்கவாட்டு வரைபடம் திரையில் வருகிறது. நாம் எங்கே இருக்கிறோம், எவ்வளவு ஏற வேண்டும் என்று காட்டுகிறது. வாசல் கூடம், மேல்தளம், சிதைந்த வெளிமதில், பிறகு நிலத்தடிக் குகை, சிறை, மணிக்கூண்டு என்று வழி ஏறி இறங்கி மறுபடி ஏறுகிறது. மூன்றாம் பகுதியில் மதில் மேல் நடக்கும்போது தொலைவில், பின்னணியில், ஒரு கோபுரம் தெரிகிறது. டிராகுலா இருக்கும் இடம் அது. சில புள்ளிகளால் வரைந்த ஒரு நிழல்தான். ஆனால் அடுத்த பகுதி நம்மை அந்தக் கோபுரத்திலிருந்து விலக்கிப் பாதாளத்துக்குள் இறக்கும்போது வயிற்றில் ஏதோ செய்கிறது. போக வேண்டிய இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டோம், கால் வேறு பக்கம் போகிறது.

தொடரே இந்த வழியைக் கைவிட்டுவிட்டதே என்பது கடைசி மறுப்பு. 1997இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘சிம்ஃபனி ஆஃப் த நைட்’ தொடரின் உச்சம் என்று பலரும் கொண்டாடுகிறார்கள். அதன் நாயகன் டிராகுலாவின் மகன் அலுகார்ட். வழுக்கிக்கொண்டு பின்வாங்குவான், காற்றில் திரும்புவான், வௌவாலாக மாறிப் பறப்பான், போகப்போக வலிமையும் கூடும். ‘மெட்ராய்ட்வேனியா’ என்று ஒரு வகைப் பெயரே உருவாகும் அளவுக்கு அதன் செல்வாக்கு பரவியது. அந்தப் புகழ் தகுந்த புகழ்தான். ஆனால் அலுகார்டுக்கு அது அப்பன் வீடு. அறை அறையாகத் திறந்து, வரைபடத்தை நிரப்பி, முடிவில் வீட்டைத் தன்வசமாக்கிக்கொள்வதே அந்த ஆட்டத்தின் இன்பம். சைமனுக்கு அது அன்னியன் வீடு. பதினெட்டாம் கட்டத்திலும் அவன் முதல் கட்டத்தில் தாவிய உயரம்தான் தாவுகிறான், நடந்த வேகத்தில்தான் நடக்கிறான். சாட்டை நீண்டிருந்தாலும், ஒருமுறை செத்தால் பழைய தோல் சாட்டையோடுதான் மறுபடி எழுவான். வளர்ந்திருப்பது விளையாடுபவரின் கணிப்பு மட்டுமே. இரண்டில் எது சிறந்தது என்ற கேள்வியே எனக்குச் சரியாகப் படவில்லை. கோதிக் எது என்று கேட்டால் தயங்காமல் முதலாவதைக் காட்டுவேன்.

2019இல் வந்த ஆண்டுவிழாத் தொகுப்பில் இந்த ஆட்டம் இன்றைய கருவிகளுக்குக் கிடைக்கிறது. நினைத்த இடத்தில் சேமித்துக்கொள்ளும் வசதியும் உண்டு. புதிதாக ஆடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு கட்டத்தின் வாசலிலும் சேமியுங்கள், தாவலுக்குத் தாவல் சேமிக்காதீர்கள். திரும்பப் பெற முடியாத உத்தரவுகளால் ஆன ஆட்டத்தில் ஒவ்வொரு உத்தரவையும் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தால் கையில் மிஞ்சுவது மூன்று நிறப் படங்கள்தான்.

மணிக்கூண்டின் பல்சக்கரங்களைத் தாண்டிய பிறகு ஒரு நீண்ட படிக்கட்டு வருகிறது. பின்னால் பெரிய பிறைநிலா. மேலே போகும் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் சைமன் ஒவ்வொரு படியாக, அதே நிதானத்தில், ஏறுகிறான். எவ்வளவு பலமாக அழுத்தினாலும் வேகம் கூடாது. குதித்துக் கடக்க வழியில்லை. கடைசிப் படி முடியும் இடத்தில் அறை தெரிகிறது, அதன் நடுவில் ஒரு சவப்பெட்டி.